புரட்டாசி மாதமும் 28 நாள் மாத்திரையும்: மருந்தைத் துப்பும் நாய்க்குச் சைவ வழி உண்டா?

ஜெலுத்தோங்வாசி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு நாய் கருப்பனுக்கு உண்ணிக் காய்ச்சல் என்று இரத்தப் பரிசோதனையில் உறுதியாகிவிட்டது. நாட்டு நாய்தான், எடை 20 கிலோ. டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் 100 மில்லிகிராம் மாத்திரையைக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என உணவோடு சேர்த்து 28 நாள்களுக்குக் கொடுக்குமாறு டாக்டர் சொல்லியிருக்கிறார். இரத்தம் ஊறுவதற்கு இரும்புச்சத்து டானிக்கும் உண்டு. டானிக்கை அவன் விரும்பி நக்கிக்கொள்கிறான். மாத்திரைதான் சிக்கல்.

சோற்றுக்குள் புதைத்து வைத்தால் சோறு காலியாகிறது, மாத்திரை மட்டும் தட்டின் ஓரத்தில் கிடக்கிறது. வாயைத் திறந்து நாக்கின்மேல் வைத்தால், விழுங்கியதாகக் காட்டிக்கொண்டு வாலை ஆட்டுகிறான். பிறகு சோபாவுக்குப் பின்னால் போய்த் துப்பிவிட்டு வருகிறான். கூட்டும்போதுதான் எங்களுக்குத் தெரிகிறது.

இதற்கிடையில் புரட்டாசி பிறந்துவிட்டது. இந்த மாதம் முழுவதும் கறி, மீன், முட்டை எதுவும் சமையலறைக்குள் வரக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை. கருப்பனின் உலர் தீனிக்கு மட்டும் விலக்கு உண்டு. கோழி ஈரலுக்குள் வைத்துக் கொடுத்தால் கேள்வி கேட்காமல் விழுங்கிவிடும் என்று பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி சொல்கிறார். அம்மா அதற்குச் சம்மதிக்க மாட்டார். தயிரிலோ சீஸிலோ வைக்கலாம் என்றால், பால் பொருள்களோடு இந்த மருந்தைக் கொடுக்க வேண்டாம் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். சைவத்தில் வழி தெரிந்தவர்கள் கூறுங்கள்.

மாமரத்தடி (புக்கிட் மெர்தாஜாம்)

தம்பி, தாராளமாக வழி இருக்கிறது. சர்க்கரைவள்ளிக் கிழங்கை நன்றாக வேகவைத்து, தோலுரித்து, சூடு ஆறியபின் மசியுங்கள். அது மாத்திரையைச் சுற்றி இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொள்ளும். சோறு பருக்கை பருக்கையாகப் பிரிந்துவிடுவதால், நாக்கால் மருந்தைத் தேடி ஒதுக்குவதற்கு நாய்க்கு அதைவிட வசதியான பொருள் கிடையாது. பூசணி தண்ணீர் விடும். வாழைப்பழம் வழுக்கிக்கொண்டு போகும். கிழங்கு கிடைக்காத நாளில் மென்மையான சப்பாத்தித் துண்டைச் சிறிது தண்ணீர் தொட்டுப் பிசைந்தாலும் போதும்.

உருண்டை கோலிக்குண்டு அளவுக்குமேல் போகக் கூடாது. பெரிதாக இருந்தால் அவன் மெல்லத் தொடங்குவான். மென்றால் கசப்பு வெளியே வந்துவிடும். ஒரே அளவில் நான்கு உருண்டைகளைத் தயார் செய்துகொள்ளுங்கள். முதல் இரண்டும் வெறும் கிழங்கு. மூன்றாவதில் மாத்திரை. மூன்றாவதை வாயில் வாங்கும் அந்தக் கணத்திலேயே நான்காவது உருண்டை அவன் மூக்குக்கு முன்னால் தெரிய வேண்டும். அடுத்தது வருகிறதே என்ற அவசரத்தில் மூன்றாவதை அப்படியே விழுங்கிவிடுவான்.

பலரும் கவனிக்காத ஒன்று கை. மாத்திரையைத் தொட்ட விரலாலேயே உருண்டையை உருட்டினால், உள்ளே ஒளித்துவைத்த வாடை முழுவதும் வெளிப்புறத்திலும் ஒட்டிக்கொள்கிறது. இடக்கையால் மாத்திரையை எடுத்து, கிழங்கில் இட்ட குழிக்குள் போடுங்கள். மூடுவதும் உருட்டுவதும் வலக்கை மட்டும். மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கும் வீடுகளில் இது இன்னும் முக்கியம், ஏனெனில் மேற்பூச்சு உடைந்த இடத்தில்தான் கசப்பும் வாடையும் அதிகம்.

பிறைப்பெரியவர்

இவ்வளவு சிரமம் எதற்கு? பப்பாளி இலைச் சாற்றை வடிகட்டி இரண்டு வேளை ஊற்றுங்கள். டிங்கிக் காய்ச்சல் வந்தால் நம் வீடுகளில் அதைத்தானே கொடுக்கிறோம். உண்ணிக் காய்ச்சலிலும் இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள்தான் குறைகின்றன. எங்கள் எஸ்டேட்டில் இருந்த நாய்கள் எந்த மாத்திரையைக் கண்டன?

பச்சைக்கதவு

ஐயா கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் பினாங்குத் தீவுப் பக்கம் ஒரு கால்நடைக் கிளினிக்கில் உதவியாளராக வேலை செய்கிறேன், டாக்டர் அல்ல. ஆனால் உண்ணிக் காய்ச்சலோடு வரும் நாய்களை நாள்தோறும் தூக்கி மேசையில் வைப்பது என் வேலை என்பதால் சொல்கிறேன்.

டிங்கி வைரஸால் வருவது. உண்ணிக் காய்ச்சல் எனப் பொதுவாக நாம் சொல்வது பெரும்பாலும் எர்லிக்கியா கேனிஸ் என்ற பாக்டீரியாவால் வருவது. அது நாயின் வெள்ளையணுக்களுக்குள்ளேயே குடியிருக்கும். தட்டணுக்கள் குறைவது இரண்டு நோய்க்கும் பொதுவான விளைவு என்பதால் காரணமும் ஒன்றாகிவிடாது. பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து போகாதவரை, தட்டணுவை மட்டும் எதைக் கொடுத்து உயர்த்த முயன்றாலும் நோய் அடியிலிருந்து அரித்துக்கொண்டே இருக்கும். மேலும் இலைச் சாறும் கசப்பே. கசப்பான ஒன்றை வாயில் ஊற்றியபின் மாத்திரை உருண்டையை நம்பி வாங்கும் நாயை நான் இன்னும் பார்க்கவில்லை.

28 நாள் என்பதற்கும் காரணம் இருக்கிறது. டாக்சிசைக்ளின் தொடங்கிய ஓரிரு நாள்களில் காய்ச்சல் இறங்கி, நாய் சாப்பிடத் தொடங்கிவிடும். ஈறு மறுபடியும் இளஞ்சிவப்பாகத் தெரியும். அந்த இடத்தில்தான் பல வீடுகளில் மருந்து நின்றுபோகிறது. கிருமி முழுவதும் ஒழியாமல் உடலுக்குள் தங்கிவிட்டால், மாதங்கள் கழித்து மூக்கில் இரத்தம் வடியும் நிலையில் அதே நாய் திரும்பி வரும். அப்போது சிகிச்சை கடினம், செலவும் அதிகம்.

ஜெலுத்தோங்வாசி அண்ணா, உங்கள் பதிவில் என்னை நிறுத்திய வரி வேறு. இரும்புச்சத்து டானிக்கை மாத்திரை கொடுக்கும் அதே வேளையில்தான் கொடுக்கிறீர்களா? டாக்சிசைக்ளின் இரும்போடும் கால்சியத்தோடும் குடலில் பிணைந்துகொள்ளும். பிணைந்த மருந்து இரத்தத்தில் சேராமல் வெளியே போய்விடும். பால் வேண்டாம் என்று சொன்னதற்கும் இதே காரணம்தான். அதே குடும்பத்துப் பழைய மருந்தான டெட்ராசைக்ளினோடு ஒப்பிட்டால் டாக்சிசைக்ளினுக்குப் பாலால் வரும் இழப்பு குறைவு. இரும்பு அப்படி இல்லை. இரண்டுக்கும் இடையே எத்தனை மணி நேரம் விட வேண்டும், அல்லது டானிக்கை மாத்திரைக் காலம் முடியும்வரை தள்ளிவைக்கலாமா என்று கிளினிக்குக்குத் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். இவ்வளவு பாடுபட்டு விழுங்கவைத்த மாத்திரை டானிக்கால் வீணாகக் கூடாது.

ஜெலுத்தோங்வாசி

மிக்க நன்றி. ஆம், இரண்டும் ஒரே வேளையில்தான் போய்க்கொண்டிருந்தன. பொட்டலத்தில் இரண்டுக்கும் "காலை, மாலை" என்றே எழுதியிருந்தது. கேட்டதில் டானிக்கை மதியத்துக்கு மாற்றச் சொல்லிவிட்டார்கள்.

மாமரத்தடி அக்கா சொன்ன கிழங்கு உருண்டை காலையில் வேலை செய்கிறது. மாலையில் மட்டும் இரண்டாவது உருண்டையிலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறான். மாத்திரையைப் பொடித்துத் தீனியில் கலந்துவிட்டால் தொல்லை தீருமே என்று அப்பா கேட்கிறார். செய்யலாமா?

பச்சைக்கதவு

பொடிக்க வேண்டாம். பொடித்தால் கசப்பு தீனி முழுவதும் பரவும். காய்ச்சலில் ஏற்கெனவே பசி குன்றியிருக்கும் நாய் கிண்ணத்தைப் பாதியில் விட்டுப்போனால் எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று உங்களால் கணக்குச் சொல்ல முடியாது. அதைவிடக் கெட்டது ஒன்று உண்டு: அந்தத் தீனியையே அது வெறுத்துவிடும். வாந்தி, குமட்டல், கசப்பு இவற்றோடு சேர்ந்து வந்த உணவை நாய் நெடுநாள் நினைவில் வைத்துக்கொண்டு ஒதுக்கும். மருந்துக்கென்று ஓர் உணவு, வயிறு நிறைய ஓர் உணவு என்று இரண்டையும் பிரித்தே வைத்திருங்கள். கிழங்கு மருந்துக்கு என்றால் தீனிக் கிண்ணத்தில் கிழங்கு விழக் கூடாது.

பொதுவாகவும் சொல்லிவிடுகிறேன், இந்த இழையை வேறு மருந்துக்காகப் படிப்பவர்களும் இருப்பார்கள். குடலில் போய்க் கரைய வேண்டும் என்று மேற்பூச்சுப் பூசிய மாத்திரைகளையும், மெதுவாகக் கரைந்து நாள் முழுவதும் வேலை செய்யும் மாத்திரைகளையும் பொடிக்கவே கூடாது. மெதுவாகக் கரைய வேண்டியதைப் பொடித்தால் ஒரே நேரத்தில் முழு அளவும் இரத்தத்தில் கலந்துவிடும். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோலைப் பொடித்தால் வாயில் நுரை தள்ளும் அளவுக்குக் கசக்கும். வலிப்பு வந்துவிட்டது என்று பயந்துபோய் நாயைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. கர்ப்பிணிகள் வீட்டில் இருந்தால் எந்த மாத்திரையையும் உடைக்கும் முன் கேட்டுக்கொள்வது நல்லது.

இனி மாலைப் பிரச்சினை. மாலையில் மருந்து கொடுப்பது யார், எந்த இடத்தில், அதற்கு முன்னால் என்னென்ன செய்கிறீர்கள்?

ஜெலுத்தோங்வாசி

காலையில் அம்மா கொடுக்கிறார், பின்கட்டில், துணி காயப்போடும்போது. மாலையில் நான் வேலை முடிந்து வந்ததும் சமையலறையில். குளிர்சாதனப் பெட்டிமேல் இருக்கும் டப்பாவைத் திறப்பேன், மாத்திரை அட்டையைக் கிழிப்பேன், கதவைச் சாத்துவேன், அவனைக் கூப்பிடுவேன். எழுதும்போதே எனக்குப் புரிகிறது.

பச்சைக்கதவு

அதேதான். நாய் மாத்திரையைப் படிப்பதைவிட உங்களைத்தான் நன்றாகப் படிக்கிறது. அட்டை சரசரக்கும் ஓசை, சாத்தப்படும் கதவு, வழக்கத்தைவிடக் கொஞ்சம் இனிமையாகிவிட்ட குரல், குனிந்து நேராக முகத்தைப் பார்ப்பது. இவ்வளவும் நடந்தபின் உருண்டைக்குள் என்ன வைத்திருந்தாலும் அது சந்தேகத்துக்குரியதே. உங்கள் அம்மா துணி காயப்போட்டுக்கொண்டே போகிற போக்கில் ஓர் உருண்டையைப் போடுவதால்தான் காலையில் சிக்கல் இல்லை.

மாலை மாத்திரையையும் காலையிலேயே அட்டையிலிருந்து எடுத்து ஒரு சிறிய மூடிய டப்பாவில் வையுங்கள். உருண்டைகளை அவன் கண்ணில் படாமல் முன்கூட்டியே பிடித்துவிடுங்கள். நடைக்குப் போகும் வழக்கம் உண்டென்றால் சங்கிலியைக் கையில் எடுத்தபின், வாசற்கதவுக்கு அருகில், நின்றபடியே கொடுங்கள். வெளியே போகும் ஆவலில் இருக்கும் நாய் எதையும் ஆராய்ந்து பார்ப்பதில்லை. மருந்து வேளை அல்லாத நேரத்திலும் இடையிடையே வெறும் உருண்டை கிடைக்கட்டும்.

தனிமரம் (செந்தூல், கோலாலம்பூர்)

இந்த இழையில் எல்லாரும் நாயை ஏமாற்றுவதைப் பற்றியே பேசுவது எனக்கு உடன்பாடில்லை. எங்கள் ஸ்பிட்ஸுக்கு இதய நோய். செர்டாங்கில் உள்ள யுபிஎம் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனையில் பார்த்து வருகிறோம். பிமோபெண்டான் என்ற மாத்திரையை உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னதாக, வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டும். ஆகவே கிழங்கு, ஈரல், சப்பாத்தி எதற்கும் இடமில்லை. இதய நோயாளிக்கு உப்பும் ஆகாது என்பதால் சாசேஜ், சீஸ், நெத்திலி எல்லாம் முன்பே விலக்கப்பட்டவை. வாழ்நாள் முழுவதும் மருந்து சாப்பிட வேண்டிய நாயிடம் தினமும் இரண்டு வேளை நாடகம் ஆட முடியாது. ஒருநாள் கண்டுபிடித்துவிட்டால் எல்லா உணவின்மேலும் அதற்கு நம்பிக்கை போய்விடும். மருந்து என்றால் மருந்து என்று தெரியட்டும். வாயைத் திறந்து ஒழுங்காகக் கொடுத்து, உடனே கழுத்தைச் சொறிந்துவிட்டால் நாலு விநாடி வேலை. துப்பியது நாயின் குற்றமாக இருக்காது. மாத்திரையை நாக்கின் முன்பகுதியில் வைத்திருப்பீர்கள்.

மாமரத்தடி (புக்கிட் மெர்தாஜாம்)

நாலு விநாடி வேலை என்பது உங்கள் ஸ்பிட்ஸுக்கு. எங்கள் வீட்டில் இருப்பது 30 கிலோ ரோட்வைலர் கலப்பு. எனக்கோ கை மூட்டு வாதம். அதன் தாடையைத் திறக்கச் சொன்னால் நான் யாரை உதவிக்குக் கூப்பிடுவது? உணவில் வைத்துக் கொடுப்பது ஏமாற்று என்றால், பிள்ளைகளுக்குத் தேனில் குழைத்து மருந்து கொடுத்த நம் பாட்டிமார் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள்தான். வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டிய மருந்து என்றால் நீங்கள் சொல்வது சரி. உணவோடு கொடுக்க வேண்டிய மருந்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

ஜெலுத்தோங்வாசி

இரண்டையும் கற்றுக்கொள்ள விரும்புகிறேன். தனிமரம் அண்ணா, நாக்கில் எந்த இடம் என்று விளக்கமாக எழுத முடியுமா?

தனிமரம் (செந்தூல், கோலாலம்பூர்)

எழுதுகிறேன். நாயை ஒரு மூலையில், பின்புறம் சுவரை ஒட்டி உட்காரவையுங்கள். பின்வாங்க இடம் இருந்தால் பின்வாங்கும். நீங்கள் எதிரே நிற்க வேண்டாம், பக்கவாட்டில் நில்லுங்கள் அல்லது மண்டியிடுங்கள். இடக்கையை முகவாயின் மேலிருந்து கவிழ்த்துப் பிடித்து, கட்டை விரலை ஒருபுறமும் நடுவிரலை மறுபுறமும் மேல் கோரைப்பல்லுக்குப் பின்னால் இருக்கும் பல்லில்லாத இடைவெளியில் வையுங்கள். அப்போது மேலுதடு பல்லுக்கும் உங்கள் விரலுக்கும் நடுவே மடிந்து வரும். கடிக்க முனைந்தால் தன் உதட்டையே கடிக்க வேண்டியிருக்கும் என்பதால் நாய் அடக்கிக்கொள்ளும். மூக்கு மேலே பார்க்கும்படி தலையை மெதுவாக உயர்த்தினால் கீழ்த்தாடை தானாகவே தளரும்.

மாத்திரை வலக்கையின் கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கட்டும். அதே கையின் நடுவிரலால் கீழ் முன்பற்களை அழுத்தி வாயைத் திறந்து, நாக்கு மேடாக எழும்பும் இடத்தைத் தாண்டி, நடுக்கோட்டில் மாத்திரையைப் போடுங்கள். மேட்டுக்கு முன்னால் விழுந்தால் நாக்கு அதை வெளியே தள்ளும்; ஓரத்தில் விழுந்தால் கன்னத்தில் ஒளித்துவைத்துக்கொண்டு உங்கள் சோபாவைத் தேடிப் போகும். போட்டவுடன் வாயை மூடி, தலையைச் சாதாரண நிலைக்கு இறக்கிவிடுங்கள். பலர் தலையை மேலேயே பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அண்ணாந்த நிலையில் விழுங்குவது நமக்கும் கடினம். தொண்டையை மேலிருந்து கீழாகத் தடவிக்கொடுங்கள், மூக்கில் இலேசாக ஊதுங்கள். நாக்கை வெளியே நீட்டி மூக்கை நக்கினால் பெரும்பாலும் விழுங்கிவிட்டது என்று பொருள்.

பச்சைக்கதவு

தனிமரம் அண்ணன் எழுதியதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. டாக்சிசைக்ளினுக்கு மட்டும் இன்னொரு படி சேர வேண்டும். இந்த மருந்து உணவுக்குழாயில் வறண்டு ஒட்டிக்கொண்டால் அந்த இடத்தைப் புண்ணாக்கும். பூனைகளில் இந்தப் புண் ஆறும்போது குழாயே சுருங்கிப்போவது நன்கு அறியப்பட்டது. நாய்களில் குறைவு என்றாலும் அலட்சியம் வேண்டாம். மாத்திரைக்குப் பின் ஊசியில்லாத சிரிஞ்சால் 5 மில்லி அளவு தண்ணீரைக் கன்னப் பைக்குள் மெதுவாகவிடுங்கள், அல்லது உடனே இரண்டு வாய் தீனி கொடுங்கள். சிரிஞ்சைப் பல்வரிசைக்கு வெளியே, கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில் வைக்க வேண்டும்; தலையை அண்ணாத்தித் தொண்டைக்குள் பீய்ச்சினால் மூச்சுக்குழாய்க்குள் போய் நுரையீரலில் சளிக் காய்ச்சல் வரும். திரவ மருந்துக்கும் இதே விதி.

உறுமினாலோ, உடம்பை விறைப்பாக்கி வெள்ளை விழி தெரியப் பார்த்தாலோ, அன்றைக்கு அந்த முறையை நிறுத்திவிடுங்கள். வேட்டியால் கட்டி, இரண்டு பேர் அமுக்கிப் பிடித்து ஒருமுறை உள்ளே தள்ளிவிடலாம். மீதமுள்ள வேளைகளுக்கு அது கட்டிலுக்கு அடியிலேயே இருக்கும். நாய்க்கு வலியோ குமட்டலோ இருந்தால் அதை முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள். குமட்டலைத் தடுக்கும் ஊசி போட்ட மறுநாள் எந்த வித்தையும் இல்லாமல் உருண்டையை வாங்கிக்கொண்ட நாய்கள் நிறைய.

உணவா கையா என்ற விவாதத்தில் என் பக்கம் எது என்று கேட்டால், குறுகிய கால மருந்துக்கு உணவு, வாழ்நாள் மருந்துக்குக் கைப்பழக்கம். ஆனால் கைப்பழக்கத்தை நோய் வந்த நாளில் தொடங்குவது மிகவும் தாமதம். நல்ல உடல்நிலையில் இருக்கும்போதே முகவாயைத் தொடுவது, உதட்டைத் தூக்கிப் பார்ப்பது, வாயைத் திறந்து ஒரு தீனி மணியைப் போடுவது ஆகியவற்றைப் பழக்கியிருந்தால் பின்னால் பாதி வேலை மிச்சம்.

புதியவள்

நிலக்கடலை வெண்ணெய் சைவம்தானே? யாரும் சொல்லவில்லையே. நாக்கிலேயே ஒட்டிக்கொள்ளும், துப்பவும் முடியாது.

பச்சைக்கதவு

நல்ல யோசனைதான், ஒரு நிபந்தனையோடு. போத்தலின் பின்புறம் படியுங்கள். "சர்க்கரை சேர்க்காதது" என்று விற்கும் சில வகைகளில் சைலிட்டால் இருக்கும். இ967 என்ற எண்ணிலும் அது குறிக்கப்படும். மனிதருக்குத் தீங்கில்லாத அந்த இனிப்பு நாயின் இரத்தச் சர்க்கரையை அரை மணி, ஒரு மணி நேரத்திலேயே ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும், கல்லீரலையும் கெடுக்கும். சைலிட்டால் இல்லாத வகை என்றால் கால் தேக்கரண்டி போதும். கணையத் தொந்தரவு வந்த நாய்களுக்கு இந்தக் கொழுப்பு ஆகாது. சாம்பாரில் நனைத்த இட்லித் துண்டு, ரொட்டி சானாயில் மிஞ்சிய குழம்பு என்றும் சிலர் கொடுப்பதுண்டு. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைப்பவை, ஏற்கெனவே இரத்தச் சோகையில் இருக்கும் நாய்க்கு அது இரட்டை அடி. வெறும் இட்லி என்றால் பரவாயில்லை.

மாமரத்தடி (புக்கிட் மெர்தாஜாம்)

கசப்பு தாங்காத நாய்களுக்கு இன்னொன்று. மருந்துக்கடையில் காலிக் கேப்சூல் கூடு கிடைக்கும். மாத்திரையையோ உடைத்த பாதியையோ அதற்குள் போட்டு மூடி, உருண்டைக்குள் வைத்தால் கசப்பு நாக்கில் படாது. பல கூடுகள் மாட்டு ஜெலட்டினில் செய்யப்படுபவை. மாட்டுப் பொருள் வேண்டாம் என்று நினைக்கும் வீடுகளில் தாவரக் கூடு என்று கேட்டு வாங்கலாம். எங்கள் அத்தை இதைக் கேட்டபின்தான் உண்ணி மாத்திரைப் பெட்டியின் பின்புறத்தையும் எடுத்துப் பார்த்தார். மென்று தின்னும் உண்ணி மாத்திரைகளில் சில மாட்டிறைச்சிச் சுவையில் வருபவை. பிறகு பூஜையறைப் பக்கம் அந்தப் பெட்டி வரவே இல்லை. நாய்க்குக் கொடுப்பதை மட்டும் அவர் நிறுத்தவில்லை.

பச்சைக்கதவு

உண்ணி மாத்திரை என்றதும் நினைவு வருகிறது. உண்ணிக்கான மருந்தைக் கழுத்துப் பிடரியில் ஊற்றும் சொட்டு மருந்தாகவும் வாங்கலாம். மாத்திரை என்றாலே ஓடும் நாய்க்கு ஒன்றாவது குறையட்டும். பழுப்பு நாய் உண்ணி நம் ஊர் வெப்பத்தில் ஆண்டு முழுவதும் பெருகும். சுவர் விரிசலிலும் கூண்டின் இடுக்கிலும் முட்டையிடும். அதைக் கட்டுப்படுத்தாமல் டாக்சிசைக்ளினை முடித்தால் மறுபடியும் அதே 28 நாள்.

ஜெலுத்தோங்வாசி

வாசற்கதவு முறை மாலையில் பலிக்கிறது. இப்போது வேறு கேள்வி. வார இறுதியில் சுங்கை பட்டாணியில் உறவினர் வீட்டுக்குக் குடும்பத்தோடு போக வேண்டும். இரண்டு இரவு தங்கல். பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி கருப்பனைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். மருந்தையும் அவரிடம் ஒப்படைக்கலாமா? ஒருவேளை தவறினால் அடுத்த வேளை இரண்டாகக் கொடுத்துவிடச் சொல்லட்டுமா?

பச்சைக்கதவு

இரண்டாகக் கொடுக்கக் கூடாது. தவறியது சற்று முன்னர்தான் என்றால் உடனே கொடுக்கலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டது என்றால் தவறியதை விட்டுவிட்டு வழக்கப்படி தொடர வேண்டும். விழுங்கியபின் வாந்தி எடுத்தாலும் தானாக இன்னொன்று கொடுக்காமல் கிளினிக்கைக் கேட்கச் சொல்லுங்கள். எண்ணை அவருக்கு எழுதிக் கொடுங்கள்.

ஆன்ட்டியிடம் ஒப்படைப்பதில் தவறில்லை, சொல்லப்போனால் கருப்பனுக்கு அவர்மேல் இன்னும் சந்தேகம் பிறக்கவில்லை. அவர் வீட்டுச் சமையலறையில் புரட்டாசிக் கட்டுப்பாடும் இல்லை என்பதால், உங்கள் அம்மாவுக்கு ஆட்சேபனை இல்லையென்றால், அவர் முதலில் சொன்ன ஈரலையே பயன்படுத்தட்டும்: உப்பு, சோயா, பூண்டு எதுவும் சேர்க்காமல் தண்ணீரில் வேகவைத்தது, கோலிக்குண்டு அளவு. பாலில் நனைத்த பிஸ்கட்டை மட்டும் மருந்து வேளையில் தவிர்க்கச் சொல்லுங்கள். அவர் வீட்டில் வேறு நாய் இருந்தால் மருந்து நேரத்தில் அதைத் தனி அறையில் வைக்க வேண்டும்; கீழே விழும் மாத்திரை யார் வாயில் போகும் என்று சொல்ல முடியாது.

மாத்திரைகளைத் தனித்தனியே பொட்டலம் கட்டாமல் கிளினிக் ஒட்டிய சீட்டோடு அதே உறையில் கொடுங்கள். அவசரத்துக்கு வேறு கிளினிக்கில் காட்ட நேர்ந்தால் மருந்தின் பெயரும் அளவும் அதில் இருக்கும். புறப்படும் முன் ஒருமுறை உங்கள் கண்முன்னாலேயே அவர் கையால் ஒரு வேளை கொடுத்துப் பார்க்கட்டும். போகும்போது உறையில் எத்தனை மாத்திரை இருந்தது என்று எண்ணி எழுதி வைத்துக்கொண்டு, வந்ததும் எண்ணிப் பாருங்கள். கூடவே அவர் வீட்டுச் சோபாவுக்குப் பின்னாலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.